பெயர் சேர்ந்தால் போதுமா?



நம்மில் லிங்க்ட்இன்னில் கணக்கு இல்லாதவர் யார்? "எனக்கு ஐந்நூறு தொடர்பு இருக்குடா!" என்று மார்தட்டுகிறோம். அந்த ஐந்நூறு பேரில் நம் குரலைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இதுதான் என் கேள்வி.

அறிமுகம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார்: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வழி காட்டியவர், எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்தான். கூடவே திரியும் நண்பனுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்ததுதானே! 2003-ல் வந்த லிங்க்ட்இன் இந்த அறிமுகத்தைச் சுலபமாக்கியது. ஆனால் சேதி வேறு, நம்பிக்கை வேறு. ஜாப் ஆர்டர் கொடுக்கும் பட்டறை முதலாளி பார்ப்பது இரண்டே விஷயம்: அளவு சரியா இருக்குமா? சொன்ன தேதியில் வருமா?

ஆகவே, முதல் செய்தியிலேயே "சார், வேலை இருக்கா?" என்று கேட்காதீர்கள். அவர் தொழிலைப் பற்றி உருப்படியாக ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு அம்பத்தூரோ, கோவையோ, அனுமதி வாங்கி நேரில் போங்கள். கோவையில் கொடிசியா நடத்தும் இன்டெக் போன்ற கண்காட்சிகளில் ஒரே நாளில் பலரைச் சந்திக்கலாம். சின்ன வேலை கிடைத்தாலும் சாம்பிளைச் சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். குறை இருந்தால் மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த ஆர்டர் அங்கேதான் பிறக்கிறது!

டிப்ளமோ முடிக்கும் நம்மில் பலருக்குச் சிபாரிசுக்கு ஆள் கிடையாது, கையில் முதலும் கிடையாது. சொன்ன சொல்தான் நம் முதல். திரையில் சேர்த்த பெயர்களை இந்த விடுமுறையிலேயே தேடிப் போவோம், வாரீர்!