திராட்சைத் தோட்டம் யாருடையது?



திருப்பலியின் காணிக்கை நேரத்தில் குருவானவர் கிண்ணத்தில் இரசம் வார்த்து, ஒரு துளி நீரும் கலந்து, அதை உயர்த்தி இறைவனைப் போற்றுகிறார். அவ்வேண்டுதல் இரசத்தை இறைவனின் கொடை என்கிறது. மனிதரின் உழைப்பால் விளைந்தது என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது. ஞாயிறுதோறும் இதனைக் கேட்கும் நாம், எந்த மனிதர், எத்தகைய உழைப்பு என்று எண்ணிப் பார்ப்பதுண்டா? அவ்வுழைப்புக்குப் பெயர்பெற்ற ஒரு பழந்தோட்டத்தின் கதையை இம்மாதம் சொல்ல விழைகிறோம்.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், டீஜோன் நகருக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிச் சரியும் சிறு குன்றுகளின் தொடர் ஒன்று உண்டு. அதன் அடிவாரத்தில் வூஜோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. வூஜ் என்னும் ஓடையால் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது. ஊரையொட்டிக் கல் மதில் சூழ, ஏறத்தாழ 50 எக்டேர், அதாவது 125 ஏக்கர் பரப்பில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 'குளோ த வூஜோ' என்பது தோட்டத்தின் பெயர். மதிலடைத்த தோட்டத்தையே 'குளோ' என்பர். சிவந்த இரசம் தரும் 'பினோ நுவார்' என்னும் கருந்திராட்சை அங்கே விளைகிறது.

இத்தோட்டத்தை உருவாக்கியவர்கள் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். 1098-ஆம் ஆண்டில் மொலேம் மடத்தின் தலைவரான புனித இராபர்ட், ஏறத்தாழ இருபது துறவியருடன் அம்மடத்தை விட்டு வெளியேறி, சீத்தோ என்னும் சதுப்பு நிலக் காட்டில் புதிய மடம் கண்டார். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைச் சற்றும் தளர்த்தாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பிறர் உழைப்பில் வரும் குத்தகையும் தசமபாகமும் வேண்டா, தம் கையால் உழைத்தே உண்போம் என்று உறுதி பூண்டனர். சிஸ்தெர்சியன் சபை இவ்வாறு பிறந்தது. புனித பெர்நார்து இளைஞராக வந்து சேர்ந்ததும் இம்மடத்திலேதான்.

சீத்தோவின் சதுப்பு நிலம் திராட்சைக்கு ஏற்றதன்று. திருப்பலிக்கு இரசம் வேண்டுமே! ஆகவே 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே துறவியர் வூஜோவின் சரிவில் நிலம் பெறத் தொடங்கினர். சில துண்டுகள் அறக்கொடையாக வந்தன; சில விலைக்கு வாங்கப்பட்டன. துண்டு துண்டாகச் சேர்ந்த நிலத்தைச் சுற்றி எழுந்த மதில் 1336-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. இரண்டு நூற்றாண்டு வேலை அது! முதற்கொடியை நட்டவர் எவரும் மதிலின் கடைசிக் கல்லைக் காணவில்லை.

அங்கே உழைத்தவருள் பெரும்பகுதியினர், குருத்துவம் பெறாத உழைப்புச் சகோதரர்கள். எழுத்தறியாத உழவர் குடியில் பிறந்து, துறவு பூண்டு, மண்வெட்டியும் அரிவாளும் ஏந்தியே இறைவனைத் தொழுதவர்கள். குளிரில் கொடிகளைக் கழித்தனர். மழையில் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் சுமந்து மீண்டும் மேலேற்றினர். சரிவின் மேற்பகுதியில் நீர் எளிதில் வடியும், கீழ்ப்பகுதியில் தேங்கும். ஒரே கொடியும் இடத்துக்கு இடம் வேறு சுவை தரும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தனர். அவர்கள் மண்ணை நாவிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார்கள் என்று செவிவழிக் கதை ஒன்றும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், அத்தகைய பொறுமையே பர்கண்டி நிலத்தைப் பாகுபடுத்தியது. அப்பகுதியில் இவ்வாறு பெயரிட்டுப் பிரித்த 1,247 சிறு நிலங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2015-இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. வேலை உலகப் புகழ் பெற்றது. வேலை செய்தவர்களின் பெயரோ மறைந்துவிட்டது.

இங்கே ஒரு தாய் நம்மை இடைமறிக்கக்கூடும்: "சாமி, குடியால் எங்கள் வீடு பாழாகிக் கிடக்கிறது, நீங்களோ இரசத்தின் பெருமை பேசுகிறீர்களே!" அம்மா, உங்கள் கண்ணீரை நாம் அறியாதவரல்லோம். இரசம் துறவிக்கு உகந்ததன்று என்பதே புனித ஆசீர்வாதப்பரின் எண்ணமும். ஆயினும் தம் காலத்தவரின் பலவீனம் கண்டு, நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை மட்டும் அனுமதித்தார். அதையும் விட்டுவிடுவோர்க்குத் தனிப் பரிசு உண்டு என்றார். ஊரே வியக்கும் இரசத்தை வடித்த கைகளுக்கு அளவு தெரிந்திருந்தது. மாலைதோறும் மதுக்கடைக்கு நடக்கும் குடும்பத் தலைவர்கள் இதனை உள்ளத்தில் கொள்வார்களாக.

ஆனால் மடத்தின் வரலாறு முழுவதும் புனிதமானது என்று நாம் சொல்லமாட்டோம். எளிமைக்காகக் காட்டுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர், காலப்போக்கில் பெரும் நிலக்கிழார் ஆயினர். 12-ஆம் நூற்றாண்டில் இரசம் வடிப்பதற்கெனக் கட்டிய எளிய கட்டடத்தின் அருகில், 1551-இல் மடத்தலைவர் ஜான் லுவாசியே அழகிய மாளிகை ஒன்றை எழுப்பினார். பெரு மரங்களை நெம்புகோலாக்கிப் பழம் பிழிந்த நான்கு பழைய ஆலைகளும் மாளிகையும் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று உழைப்பின் சின்னம். மற்றொன்று உடைமையின் சின்னம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

பின்பு வந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுக்குரியவை எனத் தேசிய மன்றம் முடிவு செய்தது. மறு ஆண்டில் துறவற வார்த்தைப்பாடுகள் சட்டத்தின் ஆதரவை இழந்தன. துறவியர் மடங்களிலிருந்து கலைந்தனர். 1791-இல் வூஜோத் தோட்டம் விலைபோயிற்று. ஏறத்தாழ 680 ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் கைமாறிற்று.

வாங்கியவர்களிடமாவது அது நிலைத்ததா? இல்லை. கைகள் பல மாறி, 1889-இல் வணிகர் சிலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. அது முதல் துண்டாடப்பட்டுக்கொண்டே வந்து, இன்று ஏறத்தாழ 80 பேருக்கு உரியதாய் இருக்கிறது. சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். எல்லாரும் ஒரே மதிலுக்குள், ஒரே பெயரில் இரசம் வடிக்கிறார்கள். ஆயினும் சுவை ஒன்றாய் இருப்பதில்லை. மேற்சரிவு, கீழ்ச்சரிவு என்ற வேறுபாடு ஒருபுறமிருக்க, அக்கறையோடு பேணுவோரின் இரசம் ஒன்று. பெயரை மட்டும் நம்புவோரின் இரசம் வேறொன்று. திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே நிறைவு கொள்ளும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். திருச்சபை என்னும் மதிலுக்குள் இருக்கிறோம். நாம் தரும் இரசம் எத்தகையது?

இன்னொரு செய்தியும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த 'பிலாக்சரா' என்னும் நுண்பூச்சி பிரான்சு நாட்டுக் கொடிகளின் வேரை அரித்தது. 1863-இல் தெற்கே தென்பட்ட அழிவு, 1878-இல் பர்கண்டியை எட்டியது. மருந்துகள் பெரிதும் பயன் தரவில்லை. இறுதியில், அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் நாட்டுக் கொடியை ஒட்டுக் கட்டியே திராட்சையைக் காப்பாற்றினர். தொன்மைக்குப் பெயர்போன அத்தோட்டமும் இன்று அயல் வேரில்தான் நிற்கிறது. காட்டு ஒலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டவைத்ததைச் சொல்லி, பெருமை பாராட்டாதே என உரோமைக் கிறிஸ்தவர்களைப் புனித சின்னப்பர் எச்சரித்தது நினைவுக்கு வருகிறது. எம் குலம், எம் வேர் என்று சொல்லி, கோயிலிலும் கல்லறையிலும்கூட வரிசை பிரிக்க முனைவோர் இதற்கு என்ன மறுமொழி தருவர்?

தோட்டத்துக் குத்தகைக்காரர்களைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். அவர்கள் உழைக்காத சோம்பேறிகள் என்று ஆண்டவர் குறை கூறவில்லை. கனியும் விளைந்தது, பருவமும் வந்தது. தோட்டம் தங்களுடையதே என்று கருதியதுதான் அவர்களது கேடு. அந்த எண்ணமே கொலையில் கொண்டுபோய் விட்டது.

அவ்வெண்ணம் இன்றும் நம் இல்லங்களில் குடியிருக்கிறது. தந்தை வியர்வை சிந்தித் திருத்திய அரை ஏக்கர் நிலத்துக்காக, ஒரே தட்டில் உண்டு வளர்ந்த அண்ணனும் தம்பியும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரே திருப்பலிக்கு வந்து, கோயிலின் இரு ஓரங்களில் அமர்கிறார்கள். ஒரே அப்பத்தை உட்கொண்டு, பேசாமல் வீடு திரும்புகிறார்கள். எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்துவதால் நாம் பெறுவது எவ்வளவு? இழப்பது ஓர் உடன்பிறப்பை அல்லவா? குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். 'என் பங்கு, நான் கட்டிய கோயில்' என்று நாவு துணிகிறது. மாற்றல் கடிதம் வரும் நாளில்தான், நாமும் சில காலம் கொடி கழிக்க வந்த கூலியாளே என்பது விளங்குகிறது.

சிதறிய துறவியரின் சபை அழிந்துவிடவில்லை. 1898-இல் துறவியர் சீத்தோவுக்குத் திரும்பினர். தோட்டம் திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் அதற்காக வழக்காடிக்கொண்டு நிற்கவுமில்லை. மாடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து, செபமும் உழைப்புமாக வாழ்வைத் தொடர்ந்தனர். முதலில் வந்தவர்கள் தேடிய எளிமை, எல்லாம் இழந்தபின் வந்தவர்களுக்குக் கிட்டிற்று.

ஆகவே அன்பர்களே, அடுத்த ஞாயிறு கிண்ணம் உயர்த்தப்படும்போது, பெயர் தெரியாத அந்த உழைப்புச் சகோதரர்களை நினைவுகூருங்கள். உங்களுக்காக நிலம் திருத்திய பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் நினைவுகூருங்கள். பேச்சற்றுப்போன உடன்பிறப்பு ஒருவர் இருப்பின், பீடத்தண்டை காணிக்கை கொணருமுன் அவர் வீட்டு வாயிலை ஒருமுறை மிதியுங்கள். தோட்டம் ஆண்டவருடையது, நமக்கு அளிக்கப்பட்டிருப்பது ஒரு பருவம் மட்டுமே. அப்பருவத்தில் நற்கனி தர அவர் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.