பன்றியைப் பிடித்தால் போதுமா?



மூளைக்காய்ச்சல் என்ற பேச்சு எழுந்தால் குடிசைப் பகுதிக்குப் பன்றி பிடிக்கும் வண்டி வரும். சாக்கடையை மூட வண்டி வருமா?

ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கிருமி கொக்கிலும் பன்றியிலும் பெருகுகிறது. பன்றியைக் கடித்த கியூலெக்ஸ் கொசு நம் பிள்ளையையும் கடிக்கிறது. வயல்நீரிலும் தேங்கிய நீரிலும் பிறந்து, அந்தி சாய்ந்தபின் கடிக்கும் கொசு அது. நோயாளியைத் தொட்டால் ஒட்டாது. சமைத்த பன்றிக்கறியாலும் வராது. கிருமி ஏறியவர்களில் பெரும்பாலோர்க்கு ஒன்றும் ஆவதில்லை. மூளையைத் தாக்கிவிட்டாலோ நூற்றுக்கு 30 பேர் வரை சாகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கைகால் முடக்கம், வலிப்பு. கிருமியைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை, தடுப்பூசி உண்டு.

அந்த ஊசியின் கதையைக் கேளுங்கள். ஜப்பானில் 1954இலேயே ஊசி வந்துவிட்டது. 1955இல் நம் வேலூரில் இந்தியாவின் முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். பிறகு கோலார் மாவட்டத்திலும் நோய் தாக்கியது. டில்லி அசைந்ததா? 2005இல் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள், மாண்ட பிறகே 2006இல் பெருமளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுத் தூக்கம்! கோலார் நோயாளி ஒருவரிடம் எடுத்த கிருமியைக் கொண்டு ஐதராபாத்தில் செய்த ஊசிக்கு 2013இல்தான் உரிமம் கிடைத்தது.

இன்று அரசு ஊசி இலவசம். ஆனால் மாவட்டக் கணக்கு! நோய் மிகுந்தவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களில் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. கூலிக்காரன் பிள்ளை ஒரே மாவட்டத்திலா வளர்கிறது? முதல் ஊசி விழுப்புரத்தில் போட்டிருக்கும். இரண்டாவதற்கு நாள் வரும்போது தாய் பெங்களூரில் கட்டட ஷெட்டில் இருப்பாள். அந்தப் பிள்ளையை எந்தப் பதிவேடு தேடப் போகிறது? கொசு மாவட்ட எல்லை பார்த்தா கடிக்கிறது?

ஆட்சியாளர்களே! பன்றி வளர்ப்பவனும் எங்களைப் போன்ற ஏழைதான். அவன் பிழைப்பில் அடிக்காதீர்கள். பட்டி போடக் குடியிருப்பைத் தாண்டி இடம் கொடுங்கள். சாக்கடையை மூடுங்கள். கட்டட ஷெட்டுகளுக்கு நர்சம்மாவை அனுப்புங்கள். முகவரி கேட்காமல் ஊசி போடுங்கள்.

தாய்மார்களே! தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டைப் போலக் காத்து வையுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாவது ஊசி பாக்கி என்றால் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விடாமல் கேளுங்கள். காய்ச்சலோடு வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இந்நகரத்தின் மாடிகளைக் கட்டிய கைகள் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்பது இரண்டு ஊசியும் மூடிய சாக்கடையும். அதைத் தர இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?