லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு யாரு சொன்னா?

எங்க அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. "இதுல ஒரு கேமும் ஓடாதுலே மக்கா"ன்னு அவன் கூட்டாளி முதல் வாரமே அதை அழிச்சுட்டான்.

அன்றைக்கு அது பாதி உண்மைதான். 1993ல் தொடங்கின வைனை வைத்து ஒரு கேமை ஓட்ட ராத்திரி முழுக்க மல்லுக்கட்டணும். நானும் கட்டியிருக்கேன். ஆனா 2018ல் வால்வ் நிறுவனம் அதே வைனை வைத்து புரோட்டானைக் கொண்டு வந்தது. இப்போ ஸ்டீமில் இருக்கிற பெரும்பாலான விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலும் ஓடுது. 2022ல் வந்த ஸ்டீம் டெக்கே லினக்ஸ் மெஷின்தான்.

"ஃபோர்ட்நைட் ஓடலையே?" என்பீர்கள். விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுறவனைப் பிடிக்கிற ஈஸி ஆன்டி-சீட், எபிக் நிறுவனத்தோட சொத்து. 2021லேயே அதில் புரோட்டானுக்கும் வழி செஞ்சாச்சு. தன் ஃபோர்ட்நைட்டுக்கு எபிக்கே அதைத் திறந்துவிடலை. பூட்டினவன் எபிக், திட்டு வாங்குறது லினக்ஸ்!

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சுது. பழைய லேப்டாப் நிறைய விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதுக்காக அப்பாகிட்ட புது லேப்டாப் கேட்பீங்களா? காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு சொல்றேன்: லினக்ஸுக்கு ஒரு பென் டிரைவ் போதும். பழைய மெஷினில் புது கேம் ஓடாதுதான். அது விண்டோஸிலும் ஓடாது மக்கா.

ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் திட்டுங்க, கேட்டுக்கிறேன்.