ஸ்டவ் பின்னும் 922 தோல்விகளும்

எஸ்டேட் லைன் வீட்டுல வளர்ந்தவங்களுக்கு ஸ்டவ் பின் நல்லா தெரியும். ஸ்டவ்ல மண்ணெண்ணெய் இருக்கும், பம்ப் அடிச்சு அடிச்சு கை வலிக்கும், ஆனா பத்தாது. பாட்டி திட்டிக்கிட்டே அந்தக் குட்டி ஊசியை எடுத்து நிப்பிள்ல ஒரு குத்து குத்துவாங்க. அடுத்த நிமிஷம் நீலமா எரியும்.

அந்த ஊசி எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது ஒரு பழைய துப்பாக்கியைப் பத்திப் படிக்கும்போது. ரூம்மேட்டோட அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "மருந்து நல்லதா இருந்தா மட்டும் போதாதுப்பா, நேரத்துக்குப் பத்தணும்"னு சொன்னார். அதைப் பிடிச்சுக்கிட்டுத் தேடப் போனவன் சிக்கிமுக்கித் துப்பாக்கியில போய் நின்னேன். 1819-ல் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்த காலத்துல கம்பெனிப் படைகள் கையில இருந்தது இந்த வகைதான்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. விசையை இழுத்தா, சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டுல உரசும். பொறி பக்கத்துல இருக்கும் சின்னக் கிண்ணியில விழும். அங்கே இருக்கும் கொஞ்சம் மருந்து பளிச்சுனு எரியும். அந்தத் தீ, குழலின் பக்கச் சுவரில் இருக்கும் ஒரு துளை வழியா உள்ளே போய் முக்கிய மருந்தைப் பத்த வைக்கணும். இந்தத் துளைக்குத் தமிழ்ல அழகான பேர் உண்டு: பற்றுவாய். அளவு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். மொத்தத் துப்பாக்கியோட மானமும் அந்த ஓட்டையிலதான் இருக்கு.

துளை ரொம்பச் சின்னதா இருந்தா தீ உள்ளே போகாது. கிண்ணியில பளிச், குழல்ல ஒண்ணும் இல்ல. பெருசா இருந்தா அழுத்தம் பக்கவாட்டுல வெளியேறி வீணாகும், பக்கத்துல நிக்கிறவன் முகத்துலயும் அடிக்கும். கிண்ணி மருந்தைத் துளைக்குள்ள அடைச்சுட்டா நல்லதுன்னு நமக்குத் தோணும். உண்மை நேர் எதிர். அடைச்சா அது திரி மாதிரி ஒவ்வொரு துகளா எரிஞ்சுக்கிட்டுப் போகும், வெடிக்கத் தாமதம் ஆகும். துளை காலியா இருந்தாதான் தீ நேரா பாயும். அதனால நல்ல கைவினைஞர்கள் துளையோட உள்பக்கத்தைப் புனல் மாதிரி அகலப்படுத்தினாங்க. தீ கடக்க வேண்டிய தூரம் குறைஞ்சது. சூடான வாயு இரும்பை அரிச்சுத் துளையைப் பெருசாக்காம இருக்க, விலை உயர்ந்த துப்பாக்கிகள்ல அந்த இடத்துல மட்டும் தங்கமோ பிளாட்டினமோ வச்சாங்க.

இவ்வளவு செஞ்சும் கரிமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திடக் கழிவாவே மிஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர் மூடுபனியில சொல்லவே வேணாம். அதனால சிப்பாய்கள் துளையைக் குத்த ஒரு கம்பி ஊசியும் ஒரு சின்ன பிரஷும் கூடவே வச்சிருந்தாங்க. பாட்டியோட அதே ஸ்டவ் பின்!

1834-ல் இங்கிலாந்தின் உல்விச்சில் ஒரு சோதனை நடந்தது. சிக்கிமுக்கித் துப்பாக்கிகளையும் புதுசா வந்த தொப்பி வெடி வகையையும் தலா 6,000 முறை சுட்டாங்க. சிக்கிமுக்கி 922 முறை வெடிக்கல. தொப்பி வகை வெடிக்காதது 36 முறைதான். அதுக்கப்புறம் சிக்கிமுக்கியோட கதை முடிஞ்சது.

இங்கதான் எனக்கு உறுத்துச்சு. 6,000-ல் 922 தோல்வின்னா, கிட்டத்தட்ட 85 சதவீதம் வெற்றி. நம்ம கணக்குல அது டிஸ்டிங்ஷன்! மார்க் ஷீட்டை வீட்டுல காட்டி பிரியாணி கேட்கலாம். ஆனா கையில பிடிச்சிருக்கிறவனுக்கு, ஆறேழு தடவைக்கு ஒரு தடவை கைவிடும் கருவி.

இப்போ என் கதை. எங்க டீம் ப்ராஜெக்ட் மழைமானி. ரொம்ப மழை பெய்தா மெசேஜ் அனுப்பும். நீலகிரியில 2009 நவம்பர் நிலச்சரிவுல நாற்பது பேருக்கு மேல இறந்தாங்க. அதைத்தான் முதல் ஸ்லைடுல போட்டோம். மூணு வாரம் ஹாஸ்டல் மாடியில வச்சோம். 21 நாள்ல 4 நாள் கொட்டுற மழையில ரீடிங் பூஜ்யம். சென்சாரை மாத்தினோம், கோடை மாத்தினோம், பேட்டரியை மாத்தினோம். கடைசியில பார்த்தா, புனலுக்கு அடியில இருக்கும் சின்ன ஓட்டையில ஒரு சில்வர் ஓக் இலைத் துணுக்கு.

எடுத்துட்டோம். டெமோ அன்னைக்கு மக்ல தண்ணி ஊத்திக் காட்டினோம், பிரமாதமா ஓடுச்சு. ரிப்போர்ட்ல "தொடர்ந்து சீராக இயங்கியது"ன்னு எழுதினோம். அந்த 4 நாள் எங்கேயும் இல்ல. மார்க் நல்லாவே வந்துச்சு.

ரெண்டு நூற்றாண்டுக்கு முந்தின துப்பாக்கியோட தோல்வி எண்ணிக்கை எனக்குத் தெரியுது. ஏன்னா யாரோ உட்கார்ந்து 922-ஐயும் எண்ணி எழுதி வச்சாங்க. அதனாலதான் அடுத்தது வந்தது. என் ப்ராஜெக்டை எடுத்துச் செய்யப்போற ஜூனியருக்கு அந்த 4 நாள் தெரியாது. அவனும் முதல்ல சென்சாரைத்தான் மாத்துவான்.

அதனால நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ஒரு பக்கம் தோல்விக்கு ஒதுக்கணும். எத்தனை தடவை ஓட்டினோம், எத்தனை தடவை ஓடல, எந்த ஓட்டையில என்ன அடைச்சிருந்தது. அதை எழுதினதுக்கு மார்க் குறைக்கக் கூடாது, எழுதலன்னாதான் குறைக்கணும். "அப்படி எழுதினா எக்ஸ்டர்னல் கிழிச்சுருவார் மச்சான்"னு சொல்வீங்க. கிழிக்கட்டும். ஹால்ல கிழிஞ்சா பேப்பர் மட்டும்தான் போகும்.

எங்க ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் லைப்ரரியில இருக்கு. போன வாரம் போய், கடைசிப் பக்கத்துல பென்சில்ல எழுதிட்டு வந்தேன்: 21 நாள், 4 தோல்வி, காரணம் இலை. வலை போடவும்.