போன்ல விளையாடினா கேமர் இல்லையா?

"ஃப்ரீ ஃபயர் எல்லாம் ஒரு கேமா?" கம்பஸ்ல லெப்டொப்காரர்கள் அடிக்கடி விடுற டயலொக் இது. பிசி வைத்திருப்பவன் மட்டும்தான் கேமராம். 'பிசி மாஸ்டர் ரேஸ்' என்ற பேரை 2008இல் பென் க்ரோஷோ என்ற விமர்சகர் எடுத்துவிட்டதே இந்தத் திமிரைக் கிண்டலடிக்கத்தான். நம்ம ஆட்கள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

கணக்குப் பார்ப்போமா? புதிய பெரிய கேம் ஒன்று 70 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 21,000. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350. ஆக, மடுல்கெல்லையில் ஒரு அம்மா 16 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் இன்னும் கூட. இது கேமுக்கு மட்டும். கிராபிக்ஸ் கார்ட் விலையை நான் சொல்லவே இல்லை.

2017இல் வந்த ஃப்ரீ ஃபயரை இறக்கக் காசு தேவையில்லை, விலை குறைந்த போனிலும் ஓடும். 50 பேர் இறங்குவார்கள், பத்து நிமிடத்தில் மேட்ச் முடியும். லயத்துப் பையன் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று, வெடித்த ஸ்கிரீனில் கடைசி ஆளாக மிஞ்சுகிறானே, அதுக்குக் கை வேகமும் மூளையும் வேண்டாமா?

ஸ்கின் வாங்கு, அது வாங்கு என்று அந்தக் கேம் காசு கறக்குதுதான். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுறேன். போன் மொடலைக் கேட்டுச் சிரிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.