ஒரே நெல்லை மூணு தடவை விற்கிறாங்க, நாமும் வாங்குறோம்

"தவிட்டெண்ணெய்க்கு மாறிட்டேன் டாக்டர், கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன்." என் ஓ.பி.யில் இதை அடிக்கடி கேட்கிறேன். இப்போ எண்ணெயோட ஒரைசனால் கேப்ஸ்யூலும் சேர்ந்துடுச்சு. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறதை நான் எதிர்க்கலை. மில்லில் மிஞ்சுறதை வீணாக்காம எண்ணெயாக்குறது நல்ல வேலை. என் சண்டை, அந்த எண்ணெயை மருந்துன்னு சொல்லி விற்கிறவங்களோட.

கணக்கைப் பாருங்க. 100 கிலோ நெல்லை அரைச்சா தவிடு சுமார் 8 கிலோ. அதில் எண்ணெய் ஒன்றரை கிலோன்னு வைங்க. கச்சா எண்ணெயில் ஒரைசனால் ஒன்றரை சதவீதம் அளவு. ஆக, 100 கிலோ நெல்லுக்கு 20 கிராம் சொச்சம்.

அந்த 20 கிராமும் பாட்டிலுக்கு வராது. நெல்லை அரைச்ச சில மணி நேரத்துலயே தவிட்டில் இருக்கிற ஒரு நொதி எண்ணெயைச் சிதைச்சு அமிலத்தைக் கூட்டிடும். அந்த அமிலத்தை எடுக்க காஸ்டிக் சோடா போட்டுச் சுத்திகரிச்சா, ஒரைசனாலில் பெரும்பகுதி சோப்புக் கழிவோட போயிடும். நீராவி முறையில் சுத்திகரிச்சா நிறையத் தங்கும். உங்க பாட்டில் எந்த முறைன்னு லேபிளில் தேடிப் பாருங்க.

அந்தச் சோப்புக் கழிவிலிருந்தும் ஒரைசனாலைப் பிரிச்சு எடுக்கிறாங்க. அதுதான் கேப்ஸ்யூலா வருது. கெமிஸ்ட்ரியா பார்த்தா அருமை, ஒரு குறையும் இல்லை. ஆனா வியாபாரத்தைக் கவனிங்க. நெல்லைப் பாலிஷ் பண்ணி வெள்ளை அரிசியா ஒரு விலை. தவிட்டை எண்ணெயாக்கி ரெண்டாவது விலை. எண்ணெயிலிருந்து போனதைக் கேப்ஸ்யூலாக்கி மூணாவது விலை.

இவ்வளவு வாங்கியும் தவிட்டோட முக்கியமான சொத்து உங்களுக்கு வரலை. வைட்டமின் பி1, அதாவது தயமின், தண்ணீரில் கரையுறது, எண்ணெயில் வராது. நார்ச்சத்தும் வராது. எண்ணெய் எடுத்த தவிட்டோட அது மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகுது.

கோழின்னதும் ஞாபகம் வருது. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டின அரிசி தின்ன கோழிகளுக்குக் கால் விழுந்துபோறதையும், தவிடு கொடுத்தா எழுந்து நடக்கிறதையும் பார்த்தார். பெரிபெரி நோயோட முடிச்சு அவிழ ஆரம்பிச்சது அங்கேதான். 1926ல அதே ஜாவாவில் யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து பி1ஐப் படிகமாவே பிரிச்சாங்க. குடிநோயாளிகளுக்குக் குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி எங்க வார்டில் போடுற தயமின் ஊசியோட கதை இதுதான். தவிட்டிலிருந்து எடுத்து உயிர் காப்பாத்தின பொருள்னா அது.

மலேயாவிலும் இதைக் கவனிச்சிருக்காங்க. பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகளைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளிகள் பெரும்பாலும் தப்பிச்சாங்க. நெல்லை ஊறவெச்சு அவிக்கும்போது பி1 அரிசிக்குள்ள இறங்கிடுது. நம்ம பாட்டிங்க காசு வாங்காம பண்ணின டெக்னாலஜி. அந்தப் புழுங்கல் அரிசியையும் இப்போ மல்லிகைப்பூ மாதிரி இருக்கணும்னு ரெண்டு தடவை பாலிஷ் போட்டுக் கேட்கிறோம்.

சரி, தவிட்டெண்ணெய் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா? நெய், பாமாயிலுக்குப் பதிலா ஊத்தினா எல்.டி.எல். கொஞ்சம் குறையும். அடோர்வாஸ்டேட்டின் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும், மாரடைப்பையும் குறைக்கும். ரெண்டும் ஒண்ணாகாது. எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். நல்ல எண்ணெய்னு சொல்லி ஆளுக்கு மாசம் ஒரு லிட்டர் ஊத்தினா ஒரைசனால் வந்து காப்பாத்தாது. அரை லிட்டர் போதும்.

"மருந்து கம்பெனிக்குத்தானே பேசுறீங்க?"ன்னு கமெண்ட் வரும். நான் எழுதிக் கொடுக்கிற மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். கேப்ஸ்யூல் இலவசமான்னு கடையில் கேட்டுப் பாருங்க.

தவிட்டோட பலன் வேணும்னா கைக்குத்தல் அரிசியோ, பாலிஷ் குறைஞ்ச அரிசியோ வாங்குங்க. அரிசியை அஞ்சு தண்ணி கழுவாதீங்க, வடிச்ச கஞ்சியைக் கொட்டாதீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கைக்குத்தலும் அரிசிதான், அளவு முக்கியம், கஞ்சியும் வேண்டாம்.

ஸ்டென்ட் வெச்சவங்க, ஹார்ட் அட்டாக் வந்தவங்க யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, நாளைக்கே உங்க டாக்டரைப் பாருங்க. மத்தவங்க லிப்பிட் டெஸ்ட் எடுத்துட்டு ஓ.பி.க்கு வாங்க. வரும்போது அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துட்டு வாங்க, லேபிளைச் சேர்ந்தே படிப்போம்.