தேசப்பற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள்

திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்து மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் சேர்ந்து வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. டீக்கடையில் பெரியவர்கள் சொல்கிறார்கள். கல்லூரி விழா மேடையில் சிறப்பு விருந்தினர்களும் சொல்கிறார்கள். இதற்கு மருந்தாக வருவது உறுதிமொழி, பேரணி, படம் எடுத்து அனுப்புதல். 2016-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 207 அடி உயரத்தில் தேசியக் கொடி பறக்க வேண்டும் என்று துணைவேந்தர்கள் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். 2023 டிசம்பர் 1-ஆம் தேதி, வளாகத்தில் செல்ஃபி பாயிண்ட் அமைக்கச் சொல்லி யுஜிசி கடிதம் எழுதியது.

கொடிமேல் எங்களுக்கு உள்ள மரியாதையில் குறை ஏதும் இல்லை. ஆனால் ஒரு மாணவர் தன்னை இந்தியராக உணர்கிறாரா என்பதை வருகைப் பதிவேட்டையும் புகைப்படத்தையும் வைத்து அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதை இன்டர்னல் மார்க்கோடும் உதவித்தொகையோடும் சான்றிதழோடும் எந்தக் கல்லூரியும் முடிச்சுப் போடக் கூடாது. இதுதான் எங்கள் நிலைப்பாடு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையோடு எழுந்து நின்றும், தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்ததற்காகக் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கல்லூரிகள் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். தெருவிலும் பள்ளியிலும் தமிழ். கல்லூரி வகுப்பில் ஆங்கிலம். அப்பா ஏற்றி அனுப்பும் முருங்கையும் தக்காளியும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து கேரளாவுக்கு லாரி ஏறுகின்றன. ஓணம் எப்போது வருகிறது என்று காலண்டர் பார்க்கிற விவசாயி இங்கே உண்டு. இங்குள்ள காய்கறி மகத்துவ மையத்தில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தில் நாற்று வளர்க்கிறார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்டு பார்க்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுவதால் ஒரு பெண்ணுக்குத் தமிழச்சி என்ற உணர்வு குறையவில்லை. தமிழச்சி என்பதால் இந்தியர் என்ற உணர்வும் குறையாது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று அவளிடம் சொல்பவர்களை நாங்கள் ஏற்கவில்லை.

எதிர்த்துப் பேசும் மாணவரை உடனே தேசவிரோதி என்று முத்திரை குத்துகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அந்த மாணவர்களைப் பிரிவினைவாதிகள் என்று அன்று பலர் ஏசினார்கள். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று நேரு வாய்மொழியாகத் தந்திருந்த உறுதி, 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமாகவே வந்தது. இந்தியா தமிழர்களுக்கும் சொந்த வீடாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த மாணவர்கள். அந்தப் போராட்டத்தை நாட்டுப்பற்றின் வரலாற்றிலேயே நாங்கள் சேர்க்கிறோம். கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றார்கள். இது நம் நாடுதானா என்று ஒரு தலைமுறையையே அது கேட்க வைத்தது. வாசலில் நிறுத்தி எடைபோடும் நாட்டோடு எந்த இளைஞரின் மனமும் ஒட்டாது.

இன்னொரு குறை. தேச வரலாறு என்றால் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடந்தது என்றே பிள்ளைகள் படித்துவிட்டு வருகிறார்கள். பழனி ரோட்டில் பஸ் ஏறினால் விருப்பாட்சி வந்துவிடும். கணவரை இழந்து சிவகங்கையிலிருந்து தப்பிய வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர் விருப்பாட்சி பாளையக்காரர் கோபால நாயக்கர். வேலுநாச்சியார் படை உதவி கேட்டது ஹைதர் அலியிடம். சிவகங்கை ராணி, தெலுங்கு பேசும் பாளையக்காரர், மைசூரை ஆண்ட முஸ்லிம் என மூன்று பேரும் ஆங்கிலேயருக்கு எதிராக ஒரே பக்கம் நின்றது நம் திண்டுக்கல் மண்ணில். கோபால நாயக்கரை 1801-இல் தூக்கிலிட்டார்கள். வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய் பிடித்து வெளியே வந்தார். ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்தபோது நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இவர்களைப் பற்றி ஒரு பருவத்துக்கு ஒரு பாடமாவது வேண்டும். அதை நோட்ஸ் எடுத்துப் படிக்காமல் விருப்பாட்சிக்கும் வத்தலக்குண்டுக்கும் நேரில் போய்ப் படிக்க வேண்டும்.

நாட்டுப்பற்றுக்கு எங்கள் பக்கத்தில் மெய்யான இடைஞ்சல் சாதிதான். கல்லூரி பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்கார்கிறார்கள், கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறார்கள், பைக்கில் யார் படம் ஒட்டியிருக்கிறது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்தத் தலைவரின் பிறந்தநாள் என்று பாருங்கள். முதலாமாண்டு மாணவர் வளாகத்துக்குள் வந்த வேகத்திலேயே, நீ எந்த ஊர் என்று கேட்டு, பிறகு எந்தத் தெரு என்று கேட்டு, அவரை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை தந்தது. பள்ளிகளுக்குச் சொன்னதைக் கல்லூரிகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்கிறோம். சாதிகள் தேசத்துக்கே எதிரானவை என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். காலையில் கொடி வணக்கம் செய்துவிட்டு மதியம் சாப்பாட்டு மேசையைச் சாதி சாதியாகப் பிரித்துக்கொள்ளும் வளாகத்தில் தேசம் எங்கே இருக்கிறது?

வழி தேடித் தூரம் போக வேண்டாம். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் சின்னாளபட்டியில் காந்திகிராமம் இருக்கிறது. டி.எஸ்.சௌந்தரமும் கேரளத்துக்காரரான ஜி.ராமச்சந்திரனும் மொழியும் சாதியும் கடந்து மணந்துகொண்டு, 1947-இல் அதைத் தொடங்கினார்கள். 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அங்கே, மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்திலேயே உண்டு. எங்கள் கல்லூரிகளில் இருப்பது ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம். நல்ல திட்டம்தான். ஆனால் பல முகாம்கள் ஊர்ப் பள்ளியில் தங்கி, கோயில் வாசலைப் பெருக்கி, மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. காலனித் தெருவுக்கு முகாம் போவதில்லை. போனாலும் அங்கே சாப்பிடுவதில்லை.

ஆகவே முகாம் நாட்களில் பாதியையாவது காலனித் தெருக்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் செலவிட வேண்டும். மாணவர்கள் அங்கேயே தங்கி, அங்கே சமைத்ததைச் சாப்பிட வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் பலர் பயந்து ரயிலேறினார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய மாணவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்திருந்தால், பொய் பரவும்போதே போய் தைரியம் சொல்லியிருப்பார்கள்.

வருகிற பருவத்தில் எங்கள் வட்டாரத்தில் முகாம் நடத்த முன்வரும் கல்லூரிகளுக்கு, தங்கும் வீடுகளையும் சாப்பாட்டையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். வீட்டுக்காரர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டோம். கல்லூரி நிர்வாகங்கள் அனுமதி தர வேண்டும். எந்த மாணவர் எந்த வீட்டில் தங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய ஒத்துக்கொள்ள வேண்டும்.